மட்டையடி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 11 கிலோ மீட்டர்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர் வந்துவிடும். ஆனாலும் இரண்டு ஊர்களின் சுபாவமும் வேறு வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்திக்குப் பேர் போன ஊர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர். அந்த ஊரில் காலையில் கோபுரத்தைப் பார்க்காமல் காப்பி குடிப்பவர்கள் குறைவு. ராஜபாளையமோ மலையடிவாரத்துப் பஞ்சாலை ஊர். அங்கே 1936-ல் தொடங்கிய மில்லின் சங்கு சத்தத்துக்குத்தான் பல குடும்பங்கள் கண் விழித்தன. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய நாயும் ஒன்று உண்டு. வெள்ளை நிறம், ரோஜா நிற மூக்கு. ஒரு எஜமானனை வரித்துக்கொண்டால் பிறகு ஜன்மத்துக்கும் இன்னொருவனை ஏறெடுத்துப் பார்க்காது என்பார்கள். 2005-ஆம் ஆண்டில் தபால் இலாகாவே அதற்கு ஒரு தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பக்தியையும் ராஜபாளையத்து நாயின் விசுவாசத்தையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கலக்கினால் என்ன கிடைக்கும்? கிரிக்கெட் ரசிகன் கிடைப்பான். எங்கள் பக்கத்தில் இந்த ஜாதிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சென்னைச் சேப்பாக்கம் மைதானம் எங்கள் ஊரிலிருந்து 500 கிலோ மீட்டருக்கு மேல். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஆயினும், சேப்பாக்கத்தில் ஒரு காட்ச் கை நழுவினால் ராஜபாளையத்தில் சோறு இறங்காதவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ரசிகனுக்குத் தன் அபிமான ஆட்டக்காரரிடம் ஏமாற்றம் வருவது சகஜம். ஆனால் அந்த ஏமாற்றத்தில் எது நியாயம், எது அநியாயம் என்பதை யாரும் சாவதானமாக உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. நாம் அவரிடம் எதைக் கேட்க உரிமை உள்ளவர்கள்? எதைக் கேட்க உரிமை இல்லாதவர்கள்? இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது. பழைய கதைகளைப் புரட்டிப் பார்த்தால் ஒருவேளை கிடைக்கலாம்.

பழைய கதை என்றால், புச்சி பாபு நாயுடுவிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் 1846-ல் சென்னைக் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். அதில் இந்தியருக்கு இடமில்லை. சேப்பாக்கத்தில் விளையாட வரும் இந்தியர்கள் மத்தியானச் சாப்பாட்டை மரத்தடியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். புச்சி பாபு வசதியான துபாஷ் குடும்பத்தில் வளர்ந்தவர். இந்த மரத்தடிச் சாப்பாடு அவருடைய தொண்டையில் சிக்கியது. சென்னை ஐக்கியக் கிளப் என்ற இந்தியர் கிளப்பை வளர்த்தார். கைக்காசைச் செலவழித்து இளைஞர்களுக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தார். இந்தியரும் ஐரோப்பியரும் எதிர் எதிராக ஆட வேண்டும் என்று பாடுபட்டார். 1908-ல் அவர் மறைந்துவிட்டார். அவர் ஆசைப்பட்ட பந்தயம் பிற்பாடு பொங்கல் சமயத்தில் வருஷந்தோறும் நடக்கும் திருவிழாவாகவே ஆகிவிட்டது. ஆக, சென்னை ரசிகனின் பக்தி வெறும் பொழுதுபோக்காக ஆரம்பிக்கவில்லை. மரத்தடியிலிருந்து எழுந்து போய்ப் பந்தலுக்குள் உட்கார வேண்டும் என்ற ரோஷத்தில் ஆரம்பித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ரசிகர்களுடைய கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்தபடியாக எம். ஜே. கோபாலனின் கதை. செங்கற்பட்டு ஜில்லா மொறப்பாக்கத்துக்காரர். 1934-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி, ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. அதில் முதல் பந்தை வீசியவர் இவர்தான். மைசூர் 48, 59 என்று இரண்டு முறையும் சுருண்டது, ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டம் கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பந்தயம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று. கோபாலன் அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடியிருந்தார். அத்தோடு ஹாக்கியிலும் சூரர். 1935-ல் தியான் சந்துடன் நியூஸிலாந்துக்குப் போய் ஆடிவிட்டு வந்தார்.

1936-ல் அவர் முன்னால் இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகும் ஹாக்கி அணி. இன்னொன்று, இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணி. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். கப்பல் ஏறினார். விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் போன அந்த அணியில் பூசலுக்குக் குறைவில்லை. லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தில் மூன்று டெஸ்டுகள் நடந்தன. மூன்றிலும் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. அங்கே பெர்லினில், ஆகஸ்டு 15-ஆம் தேதி, இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-க்கு 1 என்று அடித்துத் தங்கப் பதக்கம் வாங்கியது. கோபாலன் அதன் பிறகு ஒரு டெஸ்டும் ஆடவில்லை. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒன்றுதான் அவர் கணக்கு. 2003-ஆம் ஆண்டு வரை, 90 வயதைக் கடந்து, சென்னையில் வாழ்ந்தார்.

ரசிகன் என்ற முறையில் நான் கோபாலனை அடிக்கடி நினைத்துக்கொள்வது உண்டு. நமக்குப் பிரியமான ஆட்டக்காரர் சைபரில் அவுட் ஆனால் நாம் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளுகிறோம். அவரோ எடுத்த ஒரு முடிவுக்காக அறுபத்தேழு வருஷம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியவர். நம்முடைய ஏமாற்றத்தையும் அவருடையதையும் தராசில் வைத்துப் பார்த்தால், நம் தட்டு எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு 1952 வந்தது. பிப்ரவரி 6-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் தொடங்கியது. அன்றே ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமான செய்தி வந்து, மறு நாள் ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தார். இரண்டாவதில் இன்னும் 4. பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியா ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது. முதல் டெஸ்ட் ஆடி இருபது வருஷம் கழித்துக் கிடைத்த முதல் வெற்றி. அது நம் சென்னையில் கிடைத்தது.

அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி யார் தெரியுமா? எங்கள் ராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றமாக ஊருக்கு எழுதி வைத்தவர். அந்த வெற்றி சமயத்தில் அவர் மட்டும் தோல்வியில் இருந்தார். நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்ற அவரை, அவரை அறிந்த ஜனங்களே தோற்கடித்துவிட்டார்கள். ஏப்ரலில் பதவியை விட்டு இறங்கினார். ஊர் மேல் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொடுத்த வீட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. பிற்பாடு ஒரிஸ்ஸாவின் கவர்னராக இருந்து, 1957-ல் மறைந்தார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும். "நம்ம ஆளையே நாமதானப்பா தோக்கடிச்சோம்" என்பார்கள். அபிமானம் எவ்வளவு சீக்கிரம் திசை மாறும் என்பதற்கு நாங்கள் கிரிக்கெட் மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை.

சேப்பாக்கத்தின் நாயகனான மன்கடுக்கும் அதே வருஷம் ஒரு சோதனை வந்தது. கோடையில் இந்திய அணி இங்கிலாந்து செல்ல இருந்தது. லங்காஷயரில் உள்ள ஒரு கிளப் அவரைச் சம்பளத்துக்கு ஆட அழைத்தது. அணியில் எனக்கு இடம் நிச்சயமா என்று அவர் போர்டைக் கேட்டார். அதெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அவர் கிளப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். காசுக்காகத் தேசத்தை விட்டார் என்று முணுமுணுத்தவர்கள் இல்லாமல் இல்லை. லீட்ஸில் நடந்த முதல் டெஸ்டில், இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா ஓர் ஓட்டமும் எடுப்பதற்கு முன் நான்கு விக்கெட்டுகளை இழந்தது. உடனே மன்கடை விடுவித்துத் தரும்படி கிளப்பிடம் போய் நின்றார்கள். அவர் வந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் 72 ஓட்டங்கள், பிறகு 184 ஓட்டங்கள். நடுவே 73 ஓவர் பந்து வீசி 5 விக்கெட்டுகள். பந்தயத்தில் இந்தியா தோற்றது வாஸ்தவம். ஆனால் மன்கட் தோற்றார் என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழும்புமா?

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. ஆட்டக்காரருக்கும் வீடு உண்டு; அரிசி வாங்க வேண்டும்; பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். நாம் வீட்டில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு ரேடியோவைத் திருகுகிறோம் என்பதற்காக, அவர் பட்டினி கிடந்து நமக்காக ஆட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். நியாயமான வழியில் சம்பாதிப்பதைத் துரோகம் என்று சொல்லக் கூடாது.

நான் ரசிகனாக ஆனது 1967-ஆம் வருஷப் பொங்கலின்போது. அக்காலத்தில் எங்களுக்குச் சேப்பாக்கம் என்பது இரண்டு வழியாக வந்து சேரும். ஒன்று, விருதுநகர் - தென்காசி ரயில் பாதையில் வந்து இறங்கும் சென்னைப் பத்திரிகைக் கட்டு. மற்றொன்று, ரேடியோ. வர்ணனை இங்கிலீஷில் வரும். எங்கள் தெருவில் பஞ்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மாமா ஒருவர், காதை ரேடியோவோடு ஒட்டிவைத்துக் கேட்டு, திண்ணையில் கூடியிருக்கும் எங்களுக்குத் தமிழில் சொல்வார். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் மொழிபெயர்ப்பு முடிந்துவிட வேண்டும். அவருடைய சொந்த அபிப்பிராயங்களும் அதில் கலந்து வரும். எது வர்ணனையாளர் சொன்னது, எது மாமா சொன்னது என்று பிரிப்பது சிரமம்.

மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்திருந்தது. பரூக் இன்ஜினியர் முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே 94 ஓட்டங்கள் குவித்தார், மொத்தம் 109. போர்டே 125. கடைசி நாளில் அவர்கள் 322 எடுக்க வேண்டும். பேடியும் பிரசன்னாவும் சுழற்றினார்கள். ஏழு விக்கெட்டுகள் போய்விட்டன. இன்னும் மூன்றே மூன்று! திண்ணையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனால் ஸோபர்ஸ் நின்றார். அவருக்குத் துணையாக, வேகப் பந்து வீச்சாளர் கிரிபித் மட்டையும் காலுமாகத் தடுத்துத் தடுத்து நின்றார். பொழுது சாய்ந்தது. 7 விக்கெட்டுக்கு 270. பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஸோபர்ஸ் 74, கிரிபித் 40, இருவரும் ஆட்டமிழக்கவில்லை.

மாமா ரேடியோவை அணைத்துவிட்டு, "நம்ம பயலுக கையில வெண்ணெயைத் தடவிக்கிட்டு நிக்கிறானுக" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். அத்தை வந்து, "சாப்பிட வாங்க" என்று இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் இல்லை. மூன்றாவது தரம் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸோபர்ஸுக்குச் சமைக்கலை, உங்களுக்குத்தான் சமைச்சேன்" என்றாள். மாமா வந்து சாப்பிட்டார். மறு நாள் காலையில் பத்திரிகைக்காகக் கடைக்கு முன்னால் முதல் ஆளாக நின்றவரும் அவர்தான். ஸோபர்ஸின் படத்தைக் கத்தரித்துத் தம் நோட்டில் ஒட்டிக்கொண்டார். "எதிரியா இருந்தா என்னடா? நின்னான் பாரு!" என்று என்னிடம் சொன்னார்.

ரசிகர் எல்லோரும் மாமாவைப் போல இருந்தால் தேசத்துக்கு ஒரு கவலையும் இல்லை. 1974-ல் நடந்ததைக் கேளுங்கள். அஜித் வாடேகர் 1971-ல் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்த தலைவர். அந்த வெற்றியின் ஞாபகார்த்தமாக இந்தூரில் கான்கிரீட்டில் பெரிய மட்டை ஒன்றையே நிறுத்தினார்கள். மூன்றே வருஷத்தில் அதே இங்கிலாந்தில், லார்ட்ஸ் மைதானத்தில், இந்தியா 42 ஓட்டங்களுக்குச் சுருண்டது. தொடரில் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. உடனே பம்பாயில் வாடேகரின் வீட்டின் மேல் கல் விழுந்தது. இந்தூர் மட்டையை அலங்கோலப்படுத்தினார்கள். 2007-ல் உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியபோது ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டுக்கும் இதே கதி. வாடேகர் 42 ஓட்டங்களில் சுருள வேண்டும் என்று ஆசைப்பட்டா இங்கிலாந்து போனார்? மேகமூட்டமும் பச்சைப் புல்லும் வேகப் பந்தும் சேர்ந்தால் யாரும் சுருளலாம். தோற்றவனைக் கல்லால் அடிப்பது பக்தியில் சேர்ந்தது அல்ல.

இங்கே திருவரங்கத்து உற்சவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்குனி மாதத்தில் நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு இருந்துவிட்டுத் திரும்புகிறார். கையில் மோதிரத்தைக் காணோம். ரங்கநாயகித் தாயாருக்குக் கோபம் வந்துவிடுகிறது. சந்நிதிக் கதவைப் படீரென்று சாத்திவிடுகிறாள். பெருமாள் வாசலில் நிற்கிறார். உள்ளே இருந்து பூவும் பழமும் வெண்ணெயும் அவர்மேல் வந்து விழுகின்றன; வாழை மட்டையால் அடியும் விழுகிறது. அதற்கு மட்டையடி என்றே பெயர். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்கிறார். கதவு திறக்கிறது. இருவரும் ஒன்றாக அமர்ந்து சேவை சாதிக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. எங்கள் ஆண்டாளே பெருமாளிடம் மன்றாடியவள், கோபித்தவள், மேகத்தைத் தூது விட்டுக் குறை சொல்லியவள். பிரியம் வைத்தவருக்குக் கோபிக்கும் உரிமை உண்டு என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அடி வாழை மட்டையால்தான் விழலாம். கல்லால் விழக் கூடாது. விடிவதற்குள் கதவும் திறந்துவிட வேண்டும்.

நம் கோபம் சில சமயம் ஆள் தவறிப் போவதும் உண்டு. வெங்கட்ராகவனின் கதை அதற்கு உதாரணம். 1974 டிசம்பரில் டில்லி டெஸ்டில் அவர் இந்திய அணிக்குத் தலைவர். அடுத்த கல்கத்தா டெஸ்டில் அணியிலேயே இடமில்லை. 1979-ல் மறுபடியும் தலைவராக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட். வெல்வதற்கு 438 வேண்டும். கவாஸ்கர் 221 ஓட்டங்கள் எடுத்தார். 8 விக்கெட்டுக்கு 429-ல் நேரம் முடிந்துவிட்டது. ஒன்பதே ஓட்டம் குறைவு. ஊர் திரும்பும் விமானத்தில், இனிமேல் கவாஸ்கர்தான் தலைவர் என்ற செய்தியை விமானி அறிவித்தார். வெங்கட்டும் அதே விமானத்தில் உட்கார்ந்திருந்தார்.

தெற்கே எங்களுக்கெல்லாம் ரத்தம் கொதித்தது. கொதித்ததில் தப்பில்லை. ஆனால் பலர் அந்தக் கோபத்தைக் கவாஸ்கர் மேல் திருப்பினார்கள். பதவி கொடுத்தவர்கள் வேறு, வாங்கியவர் வேறு. தேர்வுக் கமிட்டிக்காரர்களின் முகம் நமக்குத் தெரியாது. ஆட்டக்காரரின் முகம்தான் பத்திரிகையில் வருகிறது. அதனால் தெரிந்த முகத்தின்மேல் கோபிக்கிறோம். வி. வி. குமாருக்கும் இப்படியே ஆயிற்று. 1961-ல் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். இன்னும் ஒரு டெஸ்ட் ஆட விட்டார்கள். அவ்வளவுதான். ரஞ்சிக் கோப்பையில் 400-க்கு மேல் விக்கெட்டுகள் எடுத்தும் கதவு மறுபடி திறக்கவில்லை. அவருக்காக வருந்திய சென்னை ரசிகர்கள், அவர் இடத்தில் ஆடிய சுழற்பந்துக்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். பிரசன்னாவும் சந்திரசேகரும் செய்த குற்றம், நன்றாகப் பந்து வீசியதுதான். வெங்கட் மட்டும் யாரையும் திட்டவில்லை. பிற்காலத்தில் நடுவராகி, 73 டெஸ்டுகளில் விரல் தூக்கினார். தமக்கு அநீதி நடந்த துறையில் மற்றவர்களுக்கு நியாயம் வழங்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

இனி, சேப்பாக்கத்து ரசிகனின் பொன்னாளைச் சொல்கிறேன். 1999-ஆம் ஆண்டு ஜனவரி 31. பாகிஸ்தானை வெல்ல இந்தியாவுக்கு 271 வேண்டும். சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்று 136 ஓட்டங்கள் எடுத்தார். 254-ல் அவர் அவுட். இன்னும் 17 ஓட்டங்கள். கையில் மூன்று விக்கெட்டுகள். அந்த மூன்றும் நான்கு ஓட்டத்துக்குள் போய்விட்டன. 12 ஓட்டத்தில் தோல்வி. ராஜபாளையத்தில் டெலிவிஷன் கடை வாசலில் கூடியிருந்த கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. அப்போது ஒரு காட்சியைக் கண்டோம். சேப்பாக்கத்து ஜனங்கள் எழுந்து நின்றார்கள். முதலில் மெதுவாக, பிறகு பலமாகக் கைதட்டினார்கள். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் திகைத்துப்போய், மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். மரத்தடியில் சாப்பிட வைக்கப்பட்டவர்களின் வாரிசுகள், வென்ற விருந்தாளிக்கு இலை போட்ட மாதிரி இருந்தது. எங்கள் கடை வாசலிலும் இரண்டொருவர் தட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதற்கு அடுத்த வருஷம் வந்த ஏமாற்றம் வேறு ரகம். 2000 ஏப்ரலில் டில்லிப் போலீஸார் தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹான்ஸி குரோனியே பந்தயத் தரகரோடு பேசியதை வெளியிட்டார்கள். முதலில் மறுத்த குரோனியே, சில நாட்களில் காசு வாங்கியதை ஒப்புக்கொண்டார். விசாரணை இந்தியாவையும் தொட்டது. டிசம்பரில் முகம்மது அசாருதீனுக்கு ஆயுட்காலத் தடை விதித்தார்கள். ஆடிய முதல் மூன்று டெஸ்டுகளிலும் மூன்று சதம் அடித்தவர் அவர். அதில் ஒன்று சேப்பாக்கத்திலேயே அடித்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2012 நவம்பரில், ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புக் கூறியது.

அந்த நாட்களில் எங்கள் உறவினர் வீடு ஒன்றில் ஓர் ஆட்டக்காரரின் படம் மாட்டியிருந்தது. யாருடையது என்று சொல்லப் போவதில்லை. பத்திரிகையில் சூதாட்டச் செய்திகள் வர வர, அந்த வீட்டுப் பையன் ஒரு நாள் படத்தைக் கழற்றிவிட்டான். "ஏன்டா, அவர்மேல ஒண்ணும் நிரூபணம் ஆகலையே?" என்று கேட்டேன். "அதுக்கில்லை சித்தப்பா. பழைய பந்தயத்தை நினைச்சுப் பார்த்தா, எது நெசம்னு தெரிய மாட்டேங்குது" என்றான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. அவன் சொன்ன பேச்சில் எல்லாம் அடங்கிவிட்டது. தோல்வி நம்மிடமிருந்து ஒரு நாளைப் பறிக்கிறது. சூது, கடந்துபோன நாட்களையும் பறித்துக்கொண்டு போகிறது. திண்ணையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பொங்கல்கூடப் பொய்யாக இருக்குமோ என்று ஒரு சந்தேகத்தை விதைத்துவிடுகிறது.

ஆனாலும் இங்கேயும் அவசரம் கூடாது. பெரியாழ்வாருக்கே அந்த அனுபவம் உண்டு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைப் பெண் சூடிக் கழற்றியதைக் கண்டு, அபசாரம் என்று மனம் உடைந்தார். அன்று மாலை சாத்தாமலே இருந்துவிட்டார். இரவு கனவில் பெருமாள் வந்து, அவள் சூடிய மாலையே தமக்கு வேண்டும் என்றார் என்பது ஐதிகம். பெரியவர்களின் கோபமே சில சமயம் ஒரு ராத்திரியில் மாற வேண்டியிருக்கிறது. குற்றத்தை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதற்குப் பன்னிரண்டு வருஷம் பிடிக்கும் என்றால், அதுவரை ரசிகன் படத்தைக் கழற்றி வைக்கலாம். கிழித்துப் போட வேண்டாம்.

2015-லும் அப்படி ஒரு சோதனை வந்தது. நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரின் சூதாட்டக் குற்றத்துக்காகச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை இரண்டு வருஷம் விலக்கி வைத்தார்கள். 2018-ல் அணி திரும்பியது. காவிரிப் போராட்டத்தால் சென்னையில் நடக்க வேண்டிய பந்தயங்கள் புனாவுக்கு மாறின. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? தனி ரயில் ஏறிப் புனாவுக்கே போனார்கள்! குற்றம் செய்தவர் யார், ஆடுகிறவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் அவர்களுக்கு வந்துவிட்டது. வெங்கட் காலத்தில் எங்களுக்கு இல்லாத பக்குவம் அது. இளைய தலைமுறையைப் பற்றிக் குறை சொல்லுகிற பெரியவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, முதலில் எழுப்பிய கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டம் கேட்க நமக்கு உரிமை இல்லை. விக்கெட் கேட்கவும் உரிமை இல்லை. அவை பந்துக்கும் மண்ணுக்கும் மேகத்துக்கும் கட்டுப்பட்டவை. நாம் கேட்கக் கூடியவை இரண்டு. முழு மனத்தோடு ஆட வேண்டும். நாணயமாக ஆட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால், நூற்றுக்கு நூறு தடவை தோற்றாலும் அவர் நமக்குக் கடன்பட்டவர் அல்ல. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால், கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அவர் கடன் தீராது.

இன்று ராஜபாளையத்துப் பையன்களுக்குச் சேப்பாக்கம் அவ்வளவு தூரத்தில் இல்லை. 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் பந்தயங்கள் திருநெல்வேலிச் சங்கர் நகரிலும் திண்டுக்கல் பக்கத்து நத்தத்திலும் நடந்திருக்கின்றன. கைக்குள் இருக்கும் டெலிபோனிலேயே உலகத்துப் பந்தயம் எல்லாம் ஓடுகிறது. மொழிபெயர்க்க மாமா தேவையில்லை. திட்டுவதும் அதே கருவியில் சௌகரியமாக நடக்கிறது. ஒரு காட்ச் நழுவி அரை நிமிஷம் ஆவதற்குள், அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனையும் சேர்த்து ஆயிரம் பேர் வைகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: தம்பிமார்களே, தாராளமாகக் கோபியுங்கள். கதவைச் சாத்துங்கள். கையில் வாழை மட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை மட்டும் கீழே போட்டுவிட்டு வாருங்கள். காலையில் அடுத்த பந்தயம் இருக்கிறது. கதவைத் திறக்க ஆள் வேண்டாமா?